கல்லுக்குப் பொன்னாடை

மடத்துத் தாழ்வாரத்தில் இந்த அசிங்கம் பிடித்த குரங்குகளுக்கு என்ன வேலை? சிங்கம் எதற்கு? வரிப்புலி எதற்கு? பாதி மனிதன் எதற்கு? இங்கே ஒரு தலைக்குப் பல உடல், அங்கே ஓர் உடலுக்குப் பல தலை. நாலுகால் பிராணிக்குப் பாம்பு வால், மீனுக்கு மிருகத்தின் தலை!

1125 வாக்கில், பிரான்சின் கிளேர்வோ மடத்துத் தலைவர் பெர்னார்ட் எழுதிய கண்டனத்தின் சாரம் இது. தூண்களின் தலையில் செதுக்கியிருந்த உருவங்களைத்தான் இப்படித் திட்டுகிறார். துறவிகள் புத்தகத்தை விட்டுவிட்டுப் பளிங்கைப் படித்துக்கொண்டு நாளைக் கழிப்பார்களே என்பது அவர் கவலை.

இதை வைத்து அவரைக் கலையின் எதிரி என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ரசனை இல்லாதவன் ‘ஏதோ பொம்மைகள்’ என்று கடந்து போயிருப்பான். இவரோ வால் முதல் தலை வரை பார்த்திருக்கிறார். கோரமான அழகு, அழகான கோரம் என்று சொல்லைப் புரட்டிப் போட்டு வேறு எழுதுகிறார். தன்னையே இழுத்த ஒன்றைப் பற்றித்தான் மனிதன் இவ்வளவு விவரமாகப் பயப்படுவான். நம் ஊர் நிந்தாஸ்துதி மாதிரி இருக்கிறது, அவர் அந்த நோக்கத்தில் எழுதவில்லை என்றாலும்.

அவருடைய இன்னொரு கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. திருச்சபை தன் கற்களுக்குப் பொன் உடுத்துகிறது, தன் பிள்ளைகளை அம்மணமாக விடுகிறதே என்று கேட்கிறார். ஆயர்களின் கோயில்களில் பாமர மக்களுக்காக அலங்காரம் இருக்கட்டும் என்று விட்டுக்கொடுக்கிறார். எல்லாவற்றையும் துறந்து வந்தவனுக்கு எதற்கு என்பதுதான் அவர் வழக்கு.

எதிர்த்தரப்பில் சூஜே. பாரீசுக்குப் பக்கத்தில் சான் தெனி மடத்தின் தலைவர். அவர் எழுப்பிய புதிய பலிபீடப் பகுதி 1144இல் திறக்கப்பட்டது. வண்ணக் கண்ணாடி வழியாக ஒளி உள்ளே பாயும் அந்த இடத்தில்தான் கோதிக் கட்டடக் கலை, அதாவது கூர்வளைவுகளும் பெரிய சன்னல்களுமாக உயர்ந்து நிற்கும் தேவாலயப் பாணி, தொடங்குகிறது என்பார்கள். மனிதர் விளம்பரப் பிரியர், ஒரு சன்னலில் மரியாளின் காலடியில் தன்னையும் வரையச் சொன்னவர். ஆனால் பொன் பூசிய வெண்கலக் கதவில் அவர் பொறித்த பாட்டு எனக்கு ரொம்பப் பிடிக்கும்: பொன்னையும் செலவையும் பார்த்து வியக்காதே, வேலைப்பாட்டைப் பார். மந்தமான மனம் பொருள்களின் வழியாகத்தான் உண்மைக்கு ஏறும் என்றும் அதில் சொல்கிறார்.

ஆக, அழகு மனத்தை இழுக்கும் என்பதில் இருவருக்கும் சந்தேகமே இல்லை. மேலே இழுக்குமா, வெளியே இழுக்குமா என்பதில்தான் சண்டை. பெர்னார்டின் சபையார் கட்டிய ஃபோன்தெனே மடத்தின் படத்தைத் தேடிப் பாருங்கள். தூண்களில் உருவங்கள் இல்லை, வண்ணமில்லை. வெறும் கல்லும் வெளிச்சமும். எனக்கு சான் தெனியைவிட அதுதான் அழகு.

அப்புறம் ஒரு விஷயம். பெரிய சிலுவை ஒன்றுக்கு ரத்தினம் கிடைக்காமல் சூஜே தவித்தபோது, மூன்று மடத்துக்காரர்கள் தங்களுக்குத் தானமாக வந்த கற்களை விற்க வந்தார்கள். அதில் ஒன்று சீத்தோ, பெர்னார்டின் சபைக்கே தாய் மடம். சூஜே மொத்தத்தையும் 400 பவுண்டுக்கு வாங்கிவிட்டு, அதன் மதிப்பு இதைவிட எவ்வளவோ அதிகம் என்று தன் கையாலேயே எழுதியும் வைத்திருக்கிறார்.