நீல மை தீர்ந்தால் கறுப்பு எழுத்து ஏன் வராது?

இன்று காலை திருமங்கலம் பக்கம் ஒரு கிராமத்துத் திண்ணையில், 82 வயது அப்பத்தா முன்னால் அரைமணி நேரம் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தேன். காரணம், நீலம். பிரின்டரில் நீல மை தீர்ந்துவிட்டதாம். எனக்கு வேண்டியது ஒரே ஒரு பக்கம், கறுப்பில் வந்தால் போதும்.

நவம்பர் வந்தால் ஜீவன் பிரமாண் பதிவுக்காக, அதாவது ஓய்வூதியம் வாங்குகிறவர் உயிரோடு இருக்கிறார் என்று வருடாவருடம் கைரேகை வைத்துக் காட்டும் டிஜிட்டல் சான்றிதழுக்காக, வீடு வீடாகப் போகிறவர்களுக்கு நான் சொல்வது புரியும். அப்பத்தாவுக்கு ரயில்வே குடும்ப ஓய்வூதியம். தேய்ந்துபோன விரல். ஐந்தாவது தடவைதான் ரேகை ஏறியது. சான்றிதழ் எண்ணும் வந்துவிட்டது. அதோடு வேலை முடிந்தது, தகவல் நேராக வங்கிக்குப் போய்விடும். ஆனால் அப்பத்தா கேட்டார், "பேப்பரு எங்கப்பா?"

கேட்கத்தான் செய்வார். கையில் ஒரு தாள் இல்லாமல் எதை நம்பி அடுத்த நவம்பர் வரை உட்கார்ந்திருப்பார்? அந்தத் தாளுக்காகத்தானே இந்தப் பிரின்டரை முதுகில் சுமக்கிறேன்!

கரண்ட் இல்லை. பரவாயில்லை, பேட்டரி பிரின்டர். போட்டேன். உடனே அச்சடிக்காது. ஒரு நிமிடம் கரகரவென்று தன்னைத்தானே சுத்தம் செய்யும், அதற்கும் நம் மைதான் செலவு. அப்புறம் லேப்டாப்பை பிரின்டரின் வைஃபையில் இணைக்க வேண்டும். இணைத்தால் போன் ஹாட்ஸ்பாட் அறுந்துவிடும். சான்றிதழின் பிடிஎஃப் இன்னும் இறங்கவில்லை. திரும்ப ஹாட்ஸ்பாட், திரும்ப ஆதார் எண், ஓடிபி. ஓடிபி வரும் போன் அப்பத்தாவின் மகனிடம், மகன் வயலில். பேரன் ஓடிப்போய் எண்ணைக் கேட்டு வந்தான். பிடிஎஃப் இறங்கியது. மறுபடி பிரின்டரின் வைஃபை. கேபிளில் செருகலாமே என்பீர்கள். லேப்டாப்பில் இருப்பது இரண்டே இரண்டு டைப்-சி ஓட்டை. பிரின்டர் கேபிள் அதில் நுழையாது, நடுவில் ஹப் என்கிற இணைப்புப் பெட்டி வேண்டும், அதில் கைரேகைக் கருவி உட்கார்ந்திருக்கிறது. அதைப் பிடுங்கிவிட்டுக் கேபிளையும் செருகிப் பார்த்தேன். அப்போதுதான் அந்த விளக்கு மினுக்கியது. நீலம் இல்லை, அடிக்க மாட்டேன்.

கறுப்பு மை முக்கால்வாசி இருக்கிறது ஐயா! கறுப்பில் மட்டும் அடி என்று அமைப்பிலும் மாற்றிவிட்டேன். முடியாதாம். இதை வடிவமைத்தவன் ஒருநாளாவது ஒரு திண்ணையில் உட்கார்ந்து, எதிரே ஒரு வயதானவர் கையை நீட்டிக்கொண்டு காத்திருக்க, இதில் அச்சடித்துப் பார்த்திருப்பானா?

வாங்கும்போதே ஏமாந்தேன். பிரின்டர் பெட்டியில் 2.1 கிலோ என்று போட்டிருந்தது. பேட்டரி தனி, அதற்குத் தனிக் காசு, தனி எடை என்பதைக் கடைக்காரர் பில் போட்ட பிறகுதான் சொன்னார். லேப்டாப் 1.3 கிலோ என்றார், சார்ஜரைக் கணக்கில் சேர்க்கவில்லை. ஹப், கைரேகைக் கருவி, கேபிள்கள், நூறு ஏ4 தாள் அரை கிலோ, பை. எல்லாம் சேர்த்து ஆறு கிலோவுக்கு வருகிறது. 18 மணி நேரம் நிற்கும் என்ற லேப்டாப், வெயிலில் எழுத்துத் தெரிய வெளிச்சத்தை முழுசாகக் கூட்டினால் மத்தியானத்துக்குள் படுத்துவிடுகிறது.

லேசர் வாங்கியிருக்கலாமே என்பவர்களுக்கு: அது மைத்தூளைத் தாளில் உருக்கி ஒட்ட 200 டிகிரி அளவுக்குச் சூடாக வேண்டும், பல நூறு வாட் இழுக்கும். காரில் செருகும் 150 வாட் இன்வெர்ட்டரே தாங்காது, நான் போவது பைக்கில். மையே வேண்டாத தெர்மல் பிரின்டரும் பார்த்தேன். அந்தத் தாள் வெயிலில் கறுக்கும், பிளாஸ்டிக் உறைக்குள் வைத்தால் எழுத்து வெளுக்கும். அப்பத்தா அதை வைக்கப் போவது டிரங்குப் பெட்டியில், பிளாஸ்டிக் உறைக்குள்தான்.

கடைசியில் ஆறு கிலோமீட்டர் தள்ளி ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போய் அடித்துக்கொண்டு வந்தேன். ஐந்து ரூபாய். அப்பத்தா தாளை வாங்கி இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு, "வெயில்ல அலைய விட்டுட்டேனேப்பா" என்றார். அவர் எதற்காக வருத்தப்பட வேண்டும்? வருத்தப்பட வேண்டியவர்கள் பணத்தை வாங்கிக்கொண்டு எங்கோ நிம்மதியாக இருக்கிறார்கள்.

அப்புறம் அந்த ஊர் ரோட்டில் வேகத்தடை போட்டவர்களே, அதன்மேல் ஒரு கோடு வெள்ளைப் பெயின்ட் அடிக்க என்ன கேடு? போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை, முதுகெலும்பே கழன்றுவிட்டது!