வருகைக்கு ஆயத்தமா? கூலி பாக்கி இருக்கிறதா?

2025 செப்டம்பரில் எங்கள் சபை வாட்ஸப் குழுவில் ஒரே பரபரப்பு. தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த ஜோஷுவா ம்லாகேலா என்பவர், இயேசு தனக்குத் தரிசனமாகி, 23, 24 தேதிகளில் தம்மை விசுவாசிக்கிற சபையைப் பரலோகத்துக்கு எடுத்துக்கொள்ள மறுபடி வருவதாகச் சொன்னார் என்று பேட்டி கொடுத்திருந்தார். யூதர்களின் எக்காளப் பண்டிகையும் அதே சமயத்தில் வந்தது. கர்த்தர் எக்காளத் தொனியோடு வருவார் என்று வேதம் சொல்கிறதே, அது போதாதா? வீடியோ மேல் வீடியோ. 25-ஆம் தேதி காலையில் வழக்கம்போல குட் மார்னிங் பூப்படம் வந்தது. முந்தின நாள் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

நாள் குறிப்பது நம் பக்கத்துக்குப் புதிதும் இல்லை. 1860-ல் சுவிசேஷகர் ஜான் கிறிஸ்டியன் அருளப்பன் வழியாகத் திருநெல்வேலிச் சீமையில் எழும்பிய எழுப்புதல் என்ற பக்தி எழுச்சி, பிறகு திருவிதாங்கூருக்கும் பரவியது. அங்கே கன்னேற்றியில் ஜஸ்டஸ் ஜோசப் என்ற சி.எம்.எஸ். (ஆங்கிலிக்க மிஷன் சங்கம்) போதகர் இருந்தார். தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர், பெரிய பாட்டுக்காரர், வித்வான்குட்டி என்று பெயர். 1875-ல் அவர், இன்னும் ஆறு வருடத்தில் கர்த்தர் வருகிறார் என்று சொல்லித் தனிச் சபையே கண்டார். 1881 வந்தது, போனது. தென்கொரியாவில் லீ ஜாங் ரிம் என்ற போதகர் வருகைக்குக் குறித்த நாள் 1992 அக்டோபர் 28. ஜனங்கள் வேலையை விட்டார்கள், வீட்டை விற்றார்கள். அவரோ, அந்த நாளுக்கு அப்புறம்தான் முதிர்வடையும் கடன்பத்திரங்களை வாங்கி வைத்திருந்தார். மோசடி வழக்கில் ஒரு மாதம் முன்பே கைதாகி, பிறகு ஜெயில் தண்டனையும் பெற்றார்.

ஏமாந்தவர்களைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனம் வரவில்லை. 'உயிருள்ளோரையும் மரித்தோரையும் நியாயந்தீர்க்க வருவார்' என்று ஞாயிறுதோறும் எழுந்து நின்று சொல்கிறவன் நானும். அவர் வருவார். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஆயத்தப்படுவது என்றாலே நம் மேடைகளில் என்ன சொல்கிறார்கள்? உபவாசம் இரு, முழு இரவு ஜெபத்துக்கு வா, சினிமா பார்க்காதே, நகையைக் கழற்று. எல்லாம் எனக்கும் தேவனுக்கும் நடுவிலேயே முடிந்துபோகிற காரியங்கள். மூன்றாவது ஆள் ஒருவரும் இல்லை.

மத்தேயு 24-ஐ எடுத்துப் படியுங்கள். அந்த நாளும் நாழிகையும் பிதாவுக்கு மட்டுமே தெரியும் என்று சொன்ன பிறகு, அதிகாரத்தை முடிக்கும்போது இயேசு பேசுவது யாரைப் பற்றி? வேலைக்காரர்களுக்கு ஏற்ற வேளையில் சாப்பாடு கொடுக்க வைக்கப்பட்ட ஒரு விசாரணைக்காரனைப் பற்றி. எஜமான் வர நாள் செல்லும் என்று நினைத்ததும் கெட்ட ஊழியக்காரன் முதலில் செய்வது, உடன் வேலைக்காரரை அடிப்பது. குடியும் கும்மாளமும் அதற்குப் பிறகுதான் வருகிறது. அடுத்த அதிகாரத்தில் மணவாளனுக்காகக் காத்திருந்த பத்துக் கன்னிகைகளில் புத்தியுள்ள ஐந்து பேரும்கூடத் தூங்கித்தான் போனார்கள். அதற்காக மணவாளன் அவர்களைக் கோபிக்கவில்லை. (முழு இரவு ஜெபத்தில் கொட்டாவி விடுகிற என்னைப் போன்றவர்களுக்குக் கொஞ்சம் ஆறுதல்.)

சில வருடங்களுக்கு முன் ஒரு கன்வென்ஷன் கூட்டத்தில் கடைசி நாள் செய்தி வருகையைப் பற்றி. 'இன்றிரவு எக்காளம் தொனித்தால் நீ போவாயா?' என்று பிரசங்கியார் கேட்க, பாதிக் கூட்டம் அழுதுகொண்டே முன்னால் போனது. ஜெபம் முடியும்போது மணி பதினொன்று. சேர் வாடகைக்காரரும் கூட இரண்டு பையன்களும் நாற்காலிகளை அடுக்கி டெம்போவில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கணக்கு முடிக்க வந்த கமிட்டிக்காரர் கண்ணில் இன்னும் ஈரம் காயவில்லை. 'ஊழிய காரியம்ணே, கொஞ்சம் பார்த்துப் போடுங்க' என்று ஆரம்பித்து, பேசிய தொகையில் ஆயிரம் ரூபாயைக் குறைத்து, மீதியிலும் பாதியை மட்டும் கையில் கொடுத்து, மிச்சத்தை அடுத்த வாரம் வாங்கிக்கொள்ளச் சொன்னார். சேர்க்காரர் ஒன்றும் பேசவில்லை. பையன்கள் இருவரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு அன்றைய கூலி அதிலிருந்துதான் வரவேண்டும்.

யாக்கோபு நிருபம் ஐந்தாம் அதிகாரம் இந்த இடத்தில் நம்மை விடுவதில்லை. அறுத்தவர்களின் கூலியைப் பிடித்து வைத்தால் அந்தக் கூலியே கூக்குரலிடுகிறது என்கிறது நாலாம் வசனம். மூன்று வசனம் தள்ளி, 'கர்த்தர் வருமளவும் நீடிய பொறுமையாயிருங்கள்.' இந்த ஏழாம் வசனத்தை மட்டும் காலண்டரில் அச்சடித்து வீட்டில் மாட்டிக்கொள்கிறோம். ஆனால் அந்த வருகையைப் பொறுமையோடு பார்த்திருப்பவர்கள் கூலி கிடைக்காதவர்கள். பயப்பட வேண்டியவர்கள் அதைக் கொடுக்காதவர்கள். ஒன்பதாம் வசனத்தில் நியாயாதிபதி வாசற்படியிலேயே நிற்கிறார். கூலிக்காரனுடைய கூலி விடியும்வரை உன்னிடத்தில் இருக்கக்கூடாது என்று லேவியராகமம் எப்போதோ சொல்லிவிட்டது. திருடன் வருகிற விதமாய் இரவில் வருகிறவர் வந்து பார்க்கும்போது அந்தப் பணம் யார் பீரோவில் இருக்கும்?

கிரியையினால், அதாவது நற்செயலால், இரட்சிப்பு என்று சொல்ல வருகிறாயா என்று யாராவது கேட்பீர்கள். இல்லை. வரி வசூலித்துப் பணக்காரனான சகேயுவை இயேசுதான் முதலில் கூப்பிட்டார், அவன் வீட்டில் தங்கவும் வந்தார். கிருபை அங்கேயே வந்துவிட்டது. ஆனால் வந்த கிருபை சகேயுவின் வாயில் கணக்காகத்தான் வெளிப்பட்டது: அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பிக் கொடுக்கிறேன் என்றான். கண்ணீர் விட்டானா, லூக்கா எழுதவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தின அட்வென்ட் காலத்தின் முதல் ஞாயிற்றில் எப்படியும் வருகையைப் பற்றித்தான் பிரசங்கம் இருக்கும். பீடத்துக்கு ஊதாத் துணி போடுவதற்கு முந்தின வாரம் கமிட்டி உட்கார்ந்து சிலவற்றைப் பார்த்தால் நன்றாயிருக்கும். கோயில் மணி அடிக்கிறவருக்கு மாதச் சம்பளம் எவ்வளவு, எந்தத் தேதியில் கைக்குப் போகிறது? போன பண்டிகைக்கு வெள்ளையடித்தவருக்குப் பாக்கி உண்டா? சேர், சவுண்ட் சர்வீஸ், பந்தல்? அப்படியே நம் வீடுகளில் பாத்திரம் தேய்க்க வருகிற அக்காவுக்கு, காய்ச்சலில் படுத்த நாளுக்குச் சம்பளம் பிடித்தோமா? பாக்கிப் பட்டியலை அறிவிப்பு நேரத்தில் வாசித்து, அன்றைக்கே காணிக்கைப் பணத்திலிருந்து எடுத்துக் கொடுத்துவிடலாம். நேரம் போதவில்லை என்றால் பிரசங்கத்தில் அரை மணி நேரத்தைக் குறைத்துக்கொள்ளட்டும், யாரும் வருத்தப்பட மாட்டோம்.