வரிசை மாற்றிப் போட்டால் எப்படிப் பிடிக்கும்?

விண்வெளிக் கதையும் கௌபாய் கதையும் கலந்த அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் ‘ஃபயர்ஃபிளை’, விண்கப்பலும் குதிரையும் ஒட்டாததால்தான் நின்றுபோனது என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 2002 செப்டம்பரில் ஃபாக்ஸ் தொலைக்காட்சி முதலில் போட்டது ரயில் கொள்ளைக் கதையை. கப்பலில் இருப்பவர்கள் யார், எப்படி ஒன்றுசேர்ந்தார்கள் என்று சொல்லும் இரண்டு மணி நேர அறிமுகக் கதை டிசம்பரில், கடைசியாக வந்தது! அதுவும் வெள்ளிக்கிழமை இரவு, இளவட்டங்கள் வீடு தங்காத நேரம். எடுத்த 14 பகுதிகளில் 11தான் அந்த ஆண்டு ஒளிபரப்பானது. இந்த லட்சணத்தில் யார் பார்ப்பார்கள்?

அப்புறம் 2003 இறுதியில் டிவிடி வந்தது. சரியான வரிசையில் பார்த்தவர்கள்தான் விழுந்தார்கள். நானும் அப்படித்தான், நண்பனிடம் இரவல் வாங்கி. ரசிகர்கள் தங்களைப் ‘பிரவுன்கோட்’ என்று சொல்லிக்கொள்வார்கள். கதையில் போரில் தோற்ற பக்கத்தின் பெயர் அது. பாதியில் நிறுத்தப்பட்ட தொடரின் ரசிகர்களுக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் ஏது?

டிவிடி விற்பனையும் ரசிகர்களின் பிடிவாதமும் சேர்ந்ததால்தான் 2005இல் யுனிவர்சல் நிறுவனம் தொடரின் கதையைத் தொடரும் ‘செரினிட்டி’ படத்தை வெளியிட்டது. வசூல் சுமார்தான். சரி, போகட்டும். ஆனால் அதில் கப்பலின் விமானி வாஷைக் கொன்றதை மட்டும் இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை.