மொத கார் செகண்ட் ஹேண்டாவே இருக்கட்டும்

வேலைக்குச் சேந்து ஒரு வருஷம்கூட ஆகாத பசங்க ஏழு வருஷ லோன் போட்டு எஸ்யூவி எடுக்குறாங்க, வேணாம்டான்னா பொறாமைம்பாங்க, அதான் இங்க எழுதுறேன். ஓட்டப் பழகுற காலத்துல வண்டில எப்படியும் கோடு விழும், பார்க்கிங் தூண்ல தேயும், ஷேர் ஆட்டோக்காரர் உரசிட்டுத் திரும்பிக்கூட பாக்காம போவாரு. அந்தக் கோடெல்லாம் அஞ்சாறு வருஷம் ஓடுன ஒரு வேகனார்லயோ கிராண்ட் ஐ10லயோ விழுந்துட்டுப் போகட்டுமே!

2025 செப்டம்பர்ல சின்ன கார் ஜிஎஸ்டி 18 சதவீதம் ஆனதுலருந்து புதுசே சல்லிசுன்னு ஒரு கூட்டம் கெளம்பிருக்கு. ஷோரூம் விலை எறங்குச்சு, இல்லேங்கல. மேல ஆயுள் வரி, இன்சூரன்ஸ் எல்லாம் ஏத்தி ஆன்ரோடு எவ்ளோன்னு கேட்டுட்டு வாங்க, அப்புறம் பேசுவோம்.

அதுக்குன்னு ரொம்பப் பழசுக்கும் போகாதீங்க. என் கணக்கு 2019 ஜூலைக்கு அப்புறம் தயாரான பெட்ரோல் வண்டி. அப்பதான் டிரைவர் ஏர்பேக் கட்டாயமாச்சு, சடன் பிரேக்ல சக்கரம் பூட்டிக்காம பாத்துக்குற ஏபிஎஸ் அதே வருஷம் ஏப்ரல்ல. அதுக்கு முந்தின பேஸ் மாடல், அதாவது இருக்குறதுலயே விலை கம்மியான மாடல், பலதுல ரெண்டுமே இருக்காது, புதுசா ஓட்டுறவனுக்குத்தான் அது ரெண்டும் மொதல்ல வேணும். டீசல் வேணாம், ஆபீஸ் வீடுன்னு சின்ன ஓட்டமே ஓடுனா புது புகை விதிப்படி வந்த பிஎஸ்6 டீசல்ல டிபிஎஃப், அதாவது புகைக்கரியப் பிடிக்குற ஃபில்டர், அடச்சுக்கும்.

சென்னை வண்டின்னா 2023 மிக்ஜாம் தண்ணில நின்னதான்னு பாக்கணும், சீட் பெல்ட்ட கடைசி வரைக்கும் இழுங்க, சேத்துக் கறை இருந்தா அங்க தெரியும், பாலிஷ் போடுறவன் அது வரைக்கும் போகமாட்டான். டயர்ல நாலு நம்பர் இருக்கும், 2319ன்னா 2019ல 23வது வாரம் செஞ்சது. ஆர்சில ஹைப்போதிகேஷன், அதாவது வண்டி மேல லோன் அடமானம், இருந்தா பேங்க் தர்ற தடையில்லாச் சான்றும் (என்ஓசி) அடமானத்த நீக்குற ஃபார்ம் 35ம் கைக்கு வராம முழுப் பணத்த குடுத்துடாதீங்க. அப்புறம் இந்த "50 சதவீதம் என்சிபி இருக்கு சார்" கதை, என்சிபின்னா க்ளெய்ம் எடுக்காம இருந்ததுக்கு இன்சூரன்ஸ்ல கிடைக்குற தள்ளுபடி, அது ஓனரோடது, வண்டியோடது இல்ல, அவரு கூடவே போயிடும். இன்சூரன்ஸ்ல உங்க பேர மாத்த 14 நாளுக்குள்ள எழுதிக் குடுத்துடணும்.

பட்ஜெட் நாலு லட்சம்னா மூணரைக்குள்ள தேடுங்க, டயர், பேட்டரி, பேர் மாத்துற செலவுன்னு மீதிக்கு வேலை இருக்கு. டீலர் "ஒரு ரூபா செலவு வராது சார்"ம்பாரு. சரிண்ணே, எங்க மெக்கானிக்க நாளைக்குக் கூட்டிட்டு வரேன்னு சொல்லிப் பாருங்க, அந்த மூஞ்சிலயே பாதி ரிப்போர்ட் வந்துரும்.