கரண்ட் போனால் உருகிவிடுமா?

கிரையோனிக்ஸ் என்பது, என்றாவது உயிர்ப்பிக்கலாம் என்ற நம்பிக்கையில் இறந்தவர்களின் உடலைக் கடுங்குளிரில் பாதுகாத்து வைப்பது. இதைச் செய்யும் அமெரிக்க நிறுவனங்களின் செலவில் பெரும்பகுதி ஃப்ரீசர்களின் மின்கட்டணம், ஒரு நாள் கரண்ட் போனால் உடல்கள் உருகிவிடும் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். பலரும் அதையே பகிர்கிறார்கள். அது சரியில்லை.

இத்தகைய நிறுவனங்களான அரிசோனாவில் உள்ள அல்கோரும் மிச்சிகனில் உள்ள கிரையோனிக்ஸ் இன்ஸ்டிடியூட்டும் உடல்களை ஃப்ரீசரில் வைப்பதில்லை. பெரிய தெர்மாஸ் பிளாஸ்க் போன்ற, வெற்றிடச் சுவர் கொண்ட கொள்கலன்களில், மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் வைக்கிறார்கள். குளிர்ச்சிக்கு மின்சாரம் வேண்டாம். நைட்ரஜன் மெல்ல ஆவியாகும். குறையக் குறைய ஊற்ற வேண்டும், அவ்வளவுதான். மின்சாரம் தேவைப்படுவது விளக்கு, கண்காணிப்புக் கருவி மாதிரி விஷயங்களுக்கு. கரண்ட்டை விட நைட்ரஜன் லாரி வராமல் போவதுதான் ஆபத்து. (உடல் மீண்டும் உயிர்பெறுமா என்பது வேறு சண்டை, அதற்குள் நான் போகவில்லை.)

சந்தேகமிருந்தால், மாட்டுக்குச் சினை ஊசி போட வரும் டாக்டரின் நைட்ரஜன் கேனைப் பாருங்கள். எந்த பிளக்கிலும் செருகியிருக்காது. செலவுக் கணக்கு வேண்டுமென்றால், இரண்டும் லாப நோக்கமற்ற அமைப்புகள்; அமெரிக்க வரித்துறைக்கு அல்கோர் தரும் 990 என்ற ஆண்டுக் கணக்குப் படிவத்தை இணையத்தில் யாரும் இலவசமாகப் படிக்கலாம்.