ஆந்தை என்ன செய்கிறது என்று பாருங்கள்

கற்பனை ஓவியம் ஒன்றைப் பகிர்ந்தால் போதும், கீழே பொருள்விளக்கம் வந்து குவிந்துவிடுகிறது. ஆந்தை என்றால் ஞானம், நிலா என்றால் பெண்மை, ஓநாய் என்றால் தனிமை. விடைத்தாள் திருத்துவதுபோல் சரிபார்த்துவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுகிறோம். ஓவியத்துக்குச் செய்யும் பெரிய அநியாயம் இது.

ரெமெடியோஸ் வாரோ என்ற பெண் ஓவியர் 1957-ல் வரைந்த 'பறவைகளின் படைப்பு' ஓவியத்தைப் பாருங்கள். ஆந்தைப் பெண் ஒருத்தி மேசைமுன் உட்கார்ந்து பறவைகளை வரைகிறாள். உடல் முழுக்க இறகு, கைகள் மனிதக் கைகள். கழுத்தில் ஒரு வயலின் தொங்குகிறது, தூரிகை அதனோடு இணைந்திருக்கிறது. இன்னொரு கையில் முக்கோணக் கண்ணாடி. ஜன்னல் வழியே வரும் விண்ணொளி அதில் பிரிந்து, தாளிலிருக்கும் பறவைமேல் விழுகிறது, பறவை உயிர்பெற்று எழுகிறது. பக்கத்தில் முட்டை வடிவக் கலங்களால் ஆன ஒரு கருவி. வெளியிலிருந்து எதையோ இழுத்து, சிவப்பு, மஞ்சள், நீலமாக வண்ணத்தட்டில் சொட்டவிடுகிறது.

மேற்கில் ஆந்தை, கிரேக்கரின் ஞானதேவதை அதீனாவின் பறவை. நம் ஊரில் கூரைமேல் அலறினால் கெட்ட சகுனம். இரண்டு விளக்கமும் இங்கே எடுபடாது, ஏனென்றால் இவள் வேலை செய்துகொண்டிருக்கிறாள். இரவின் ஒளியை வைத்து வேலை செய்ய, இருட்டில் பார்க்கத் தெரிந்த உயிரைவிடப் பொருத்தமானவர் யார்? குறியீடு அந்த வேலையிலிருந்துதான் பிறக்கிறது. அவள் இடத்தில் ஒரு கிளியை வைத்துப் பாருங்கள், படமே குலைந்துவிடும். இன்று இணையத்தில் நிறைந்துகிடக்கும் படங்களில், விண்மீன் கூட்டத்துக்குக் கீழே ஊளையிடும் ஓநாயை எடுத்துவிட்டு மானை நிறுத்தினாலும் எதுவும் மாறாது.

வாரோ 1908-ல் ஸ்பெயினின் கட்டலோனியாவில் பிறந்தவர். நீரியல் பொறியாளரான தந்தை, மகளுக்குத் தொழில்நுட்ப வரைபடம் வரையக் கற்றுக்கொடுத்தார். வாரோ வரைந்த குழாயும் சக்கரமும் உண்மையிலேயே இயங்கும் என்று நாம் நம்புவது அதனால்தான். நாஜிகள் பிடித்த பிரான்சிலிருந்து தப்பி 1941 இறுதியில் மெக்சிகோ போய்ச் சேர்ந்தார். பெரும் படைப்புகளில் பலவும் அவருடைய கடைசிப் பத்தாண்டுகளில் வந்தவை. 1963-ல் இறந்தபோது வயது 54 தான்.

என்னை அதிகம் உலுக்குவது 1958-ல் அவர் வரைந்த 'நட்சத்திரக் கூழ்'. ஆகாயத்தில் ஒரு கோபுர அறை. கூரைவழியாக இறங்கும் குழாயில் நட்சத்திரத் துகள் வந்து அரவை இயந்திரத்தில் விழுகிறது. உள்ளே தனியாக இருக்கும் பெண் ஒரு கையால் கைப்பிடியைச் சுற்றுகிறாள், மறு கையால் கூண்டில் அடைபட்ட பிறைக்கு ஸ்பூனில் ஊட்டுகிறாள். முகத்தில் பரவசம் இல்லை, அலுப்புதான் இருக்கிறது. பிரபஞ்சத்தைப் பார்த்து வாய்பிளந்து நிற்கும் பெண்களை எத்தனையோ பேர் வரைந்திருக்கிறார்கள். வாரோ பிரபஞ்சத்தையே அன்றாடம் அரைத்து ஊட்ட வேண்டிய அடுப்படி வேலையாக்கிவிட்டார். பிள்ளைக்குச் சோறூட்டியே பொழுதைக் கழித்த எந்தப் பெண்ணுக்கும் அந்த முகம் விளங்கும்.

ஊட்ட ஊட்டப் பிறை வளரத்தானே செய்யும்? முழுநிலவானால் அந்தச் சின்னக் கூண்டு தாங்குமா? அது தெரிந்தேதான் ஊட்டுகிறாளா, இல்லை பழக்கத்தில் கை தானாகச் சுற்றுகிறதா? படத்தைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு வேறு பதில்தான் வருகிறது.