தொலைபேசி விசாரிப்பு மட்டும் போதாது
கடுங்குளிர் நாட்களில் தனியாக வசிக்கும் முதியவரைத் தினம் ஒருமுறை தொலைபேசியில் நலம் விசாரித்தால் போதும் என்று நான் படித்த ஒரு கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. உடல் வெப்பம் 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் சிந்தனையும் தடுமாறத் தொடங்கும்; தனக்கு ஆபத்து என்பதே அவருக்குத் தெரியாமல் போகலாம். எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டி அன்று காலையில் "நன்றாக இருக்கிறேன்" என்றுதான் சொன்னார். ஆனால் பேச்சு குழறியது. மனம் கேட்காமல் போய்ப் பார்த்தேன். ஹீட்டர் நின்றுபோன அறையில் மெல்லிய சால்வையோடு உட்கார்ந்திருந்தார்; கைகள் சில்லிட்டிருந்தன, நடுக்கம்கூட இல்லை. நடுக்கம் நின்றால் தேறிவிட்டார் என்று அதுவரை நினைத்திருந்தேன். குளிர்ந்துபோன உடம்பில் அதுதான் மோசமான கட்டம் என்று பிறகு மருத்துவர் சொன்னார். ஆம்புலன்ஸ் வரும்வரை மார்பையும் வயிற்றையும் போர்வைகளால் சுற்றி வைத்தோம். அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர், குளிரில் வாடுபவருக்குக் கொஞ்சம் பிராந்தி கொடுக்கலாம் என்று எழுதியிருக்கிறார், தயவுசெய்து வேண்டாம். மது தோலின் ரத்தக் குழாய்களை விரித்து, உள்ளே மிஞ்சிய சூட்டையும் வெளியேற்றிவிடும். கை கால்களைத் தேய்ப்பதும் கூடாது. கதவைத் தட்டி உள்ளே போய், அறை சூடாக இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். கரி அடுப்பு எரிந்துகொண்டிருந்தால் முதலில் அந்த முதியவரை வெளியே அழைத்து வந்துவிடுங்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு வாசனையே கிடையாது.